வாதத்தில் வெல்வதா, வாழ்ந்து காட்டுவதா?

தமது சமயத்தைப் பற்றி யாராவது தரக்குறைவாகப் பேசிவிட்டால் என்ன செய்வது? பதிலடி கொடுப்பதா, பொறுத்துப் போவதா? சமய நல்லிணக்கம் பற்றிய கலந்துரையாடல்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. பதிலடி கொடுத்தால்தான் மதிப்பார்கள் என்பது ஒரு சாராரின் கருத்து. பொறுமையே பெருமை என்பார்கள் இன்னொரு சாரார்.

எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவர்கள் இப்போது தங்களுக்குள்ளேயே உரக்கக் கேட்டுக்கொள்கிறார்கள். சமுதாயத்தில் நடக்கும் பண்பாட்டு வாதங்களில் வெற்றி பெறுவதுதான் விசுவாசத்தைக் காக்கும் வழியா? அல்லது பணிவோடு வாழ்ந்து காட்டுவதே போதுமான சாட்சியா? அனுபவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பண்பாட்டுப் போர் என்றால் என்ன?

இந்த விவாதம் சூடு பிடித்த இடம் அமெரிக்கா. 1979ஆம் ஆண்டு ஜெரி ஃபால்வெல் என்ற போதகர் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கருக்கலைப்பு, பள்ளிகளில் ஜெபம், குடும்ப நெறி போன்ற விவகாரங்களில் கிறிஸ்தவ வாக்காளர்களைத் திரட்டுவது அதன் நோக்கம். 1989இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டாலும் அது மூட்டிய தீ அணையவில்லை. 1991இல் ஜேம்ஸ் டேவிசன் ஹண்டர் என்ற சமூகவியல் பேராசிரியர் எழுதிய நூலுக்குப் பிறகு, இந்த மோதலுக்குப் ‘பண்பாட்டுப் போர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்தப் போரில் ஒரு காட்சியைச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும். 2001ஆம் ஆண்டு, அலபாமா மாநிலத்தின் தலைமை நீதிபதி ராய் மூர், நீதிமன்றக் கட்டடத்தின் முன்கூடத்தில் பத்துக் கட்டளைகள் பொறித்த பிரம்மாண்டமான கல் ஒன்றை வைத்தார். அதன் எடை இரண்டு டன்னுக்கும் மேல். அரசாங்கக் கட்டடத்தில் ஒரு சமயத்தின் சின்னம் இருக்கக் கூடாது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. கல்லை அகற்றும்படி கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் மறுத்தார். வாசலில் ஆதரவாளர்கள் மண்டியிட்டு ஜெபித்தார்கள், தொலைக்காட்சிக் கேமராக்கள் குவிந்தன. 2003இல் கல்லும் போனது, அவருடைய பதவியும் போனது.

இந்தப் போராட்டங்களால் விசுவாசம் வளர்ந்ததா? ‘பியூ’ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2007இல் அமெரிக்கப் பெரியவர்களில் 78 விழுக்காட்டினர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றார்கள். 2023-24இல் அது 62 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு காரணத்தை மைக்கல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2002லேயே சுட்டிக்காட்டினார்கள். 1990களில் மட்டும், சமயம் எதுவும் இல்லை என்று சொன்ன அமெரிக்கர்களின் விகிதம் 7லிருந்து 14 விழுக்காடாக இரட்டிப்பானது. அவர்களில் பலர் கடவுள் நம்பிக்கையை விட்டவர்கள் அல்லர். சமயம் அரசியல் கட்சியின் கொடியாக மாறியதைப் பார்த்து ஒதுங்கிக் கொண்டவர்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு.

‘பண்பாட்டுப் போர்’ என்ற சொல்லைப் பரப்பிய அதே ஹண்டர், 2010இல் வேறொரு நூல் எழுதினார். அதிகாரத்தைப் பிடித்து உலகத்தை மாற்ற நினைப்பதைக் கிறிஸ்தவர்கள் கைவிட வேண்டும், தாங்கள் இருக்கும் வீட்டிலும் வேலையிடத்திலும் அக்கம்பக்கத்திலும் உண்மையாக வாழ வேண்டும் என்பது அதன் சாரம்.

சிங்கப்பூர் கண்ட சாட்சி

வாழ்ந்து காட்டுவது என்றால் என்ன என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் இருக்கும் இடத்தை அறியாதவர் சிங்கப்பூரில் குறைவு. இப்போதுள்ள கட்டடம் புதியது. அதே இடத்தில் முன்பு இருந்த பழைய கட்டடத்தைத்தான் ஜப்பானியர் காலத்தில் கெம்பித்தாய் என்ற இராணுவப் போலீஸ் தன் தலைமையகமாக்கிக் கொண்டது. அதன் பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கிய காலம் அது.

1943 செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் சில வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சிறு படை செய்த வேலை அது. ஆனால் சாங்கிச் சிறையில் இருந்த வெள்ளைக்காரக் கைதிகள்தான் உளவு சொன்னார்கள் என்று கெம்பித்தாய் சந்தேகித்தது. அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய கைது நடவடிக்கையில் 57 பேர் பிடிபட்டனர். சித்திரவதையில் 15 பேர் இறந்தனர். இதுவே ‘டபுள் டென்த்’ சம்பவம்.

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சன். அடிகளுக்கு நடுவே அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை? சமய விவாதத்தில் இதைவிடக் கடினமான கேள்வி கிடையாது. வில்சன் அதற்குத் தத்துவ விளக்கம் தரவில்லை. வலியை அகற்றுவதன் மூலம் அல்ல, அதைத் தாங்கும் பலத்தைத் தருவதன் மூலம் கடவுள் காப்பாற்றுகிறார் என்று சுருக்கமாகச் சொன்னார்.

அவர் பின்னர் 1946இல் பிபிசி வானொலியில் ஆற்றிய உரையில் இன்னொன்றையும் சொன்னார். தம்மை அடித்தவர்களை மன்னிக்க அவருக்கு எளிதில் மனம் வரவில்லை. அவர்கள் ஒரு காலத்தில் அண்ணன் தம்பியோடு விளையாடிய சிறு குழந்தைகளாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாராம். குழந்தைகளை வெறுப்பது கடினம் அல்லவா? போர் முடிந்த பிறகு, அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவரே கிறிஸ்தவராகி அவர் கையால் உறுதிபூசுதல் பெற்றார்.

எலிசபெத் சோய் செய்தது என்ன?

இன்னொருவர் எலிசபெத் சோய். 1910இல் வட போர்னியோவில், அதாவது இன்றைய சபாவில் பிறந்தவர். ஆசிரியை. கிறிஸ்தவக் குடும்பம். ஜப்பானியர் காலத்தில் அவரும் அவர் கணவரும் மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்தினார்கள். சாங்கியில் அடைபட்டிருந்தவர்களுக்குப் பணம், மருந்து, கடிதம் ஆகியவற்றை அந்தச் சிற்றுண்டிச்சாலை வழியாக இரகசியமாக அனுப்பி வந்தார்கள். 

முதலில் கணவர் கைதானார். அவரைத் தேடிப் போன எலிசபெத்தும் 1943 நவம்பரில் பிடிபட்டார். சுமார் 200 நாள் அந்தக் கட்டடத்தில் இருந்தார். கணவரின் கண் முன்னாலேயே அவருக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். உளவாளி என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். செய்யாததைச் செய்ததாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

போர் முடிந்தது. இப்போது பழி தீர்க்கும் வாய்ப்பு அவர் கையில். தம்மைக் கொடுமைப்படுத்தியவர்களுக்கு மரண தண்டனை கேட்க அவர் மறுத்துவிட்டார். குற்றவாளி போர்தான், போர் இல்லாவிட்டால் அவர்களும் குடும்பத்தோடு வாழும் சாதாரண மனிதர்களே என்பது அவருடைய எண்ணம்.

அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1951இல் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். 1956இல் சிங்கப்பூரின் பார்வையற்றோர் பள்ளிக்கு முதல் தலைமையாசிரியை ஆனார். மூன்று பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 2006இல் மறையும் வரை, அவர் பெயரைச் சொன்னால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரிடமும் மரியாதை இருந்தது. எந்த மேடை வாதத்தால் இந்த மரியாதையைச் சம்பாதிக்க முடியும்?

தொலைக்காட்சி இல்லாத ஊருக்கு வந்த தொலைக்காட்சி

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். பண்பாட்டுப் போரில் கலந்துகொள்ளாத கிறிஸ்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆமிஷ் மக்கள் அவர்களில் ஒரு பிரிவினர். குதிரை வண்டியில் போவார்கள், வீட்டில் தொலைக்காட்சி வைத்துக்கொள்ள மாட்டார்கள். 

2006 அக்டோபர் 2ஆம் தேதி, பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில், அவர்களுடைய ஒற்றை அறைப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐவர் இறந்தனர். பிறகு தன்னையே சுட்டுக்கொண்டான். அவன் அந்தப் பகுதியில் பால் லாரி ஓட்டியவன், அவர்கள் அறிந்தவன்தான்.

உலகத் தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாம் அந்தக் கிராமத்தில் வந்து இறங்கின. அவர்கள் படம் பிடிக்க வந்தது ஒன்று, கண்டது வேறொன்று. சம்பவம் நடந்த சில மணி நேரத்துக்குள் ஆமிஷ் பெரியவர்கள் கொலையாளியின் மனைவி, பெற்றோர் வீடுகளுக்குச் சென்று ஆறுதல் சொன்னார்கள். அவனுடைய நல்லடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆமிஷ் மக்கள். தங்களுக்கு வந்த நன்கொடையில் ஒரு பங்கை அவன் பிள்ளைகளுக்கும் ஒதுக்கினார்கள். பின்னாளில் அவனுடைய தாயார், அவனால் படுகாயமடைந்த சிறுமி ஒருத்தியை வாரந்தோறும் போய்க் கவனித்துக்கொண்டார்.

இதைச் செய்ய யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. தங்களுக்கு எதிராகக் குற்றம் செய்தவரை மன்னிப்பது பற்றிய வரி இயேசு கற்பித்த ஜெபத்திலேயே இருக்கிறது. சிறு வயது முதல் தினமும் அதைச் சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள். பழகிய கை பழகிய வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

பணிவு என்பது கோழைத்தனமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டால் அநியாயம் வளராதா? ஆமிஷ் மக்கள் இவ்வளவு சீக்கிரம் மன்னித்தது சரியா என்று அப்போதே சில பத்திரிகை எழுத்தாளர்கள் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவரை, குறிப்பாகப் பெண்களையும் பிள்ளைகளையும், ‘மன்னித்துவிடு’ என்று வற்புறுத்தி வாயடைத்த கொடுமைகள் எல்லாச் சமயங்களிலும் நடந்திருக்கின்றன. அது பணிவு அல்ல. அது குற்றத்தை மறைப்பது.

மன்னிப்பு வேறு, தண்டனையைத் தள்ளுபடி செய்வது வேறு. டபுள் டென்த் வழக்கு 1946 மார்ச்சில் சிங்கப்பூரில் முறைப்படி நடந்தது. 21 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டு, 8 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 7 பேர் விடுவிக்கப்பட்டனர். எலிசபெத் சோயின் மன்னிப்பு நீதிமன்றக் கதவை மூடவில்லை. தம் மனத்தில் வெறுப்பு குடியேறாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

அதுபோலவே பணிவு வேறு, மௌனம் வேறு. இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் லெ ஷம்போன் என்ற மலைக் கிராமத்துப் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள், தப்பி வந்த யூதர்களைத் தங்கள் வீடுகளிலும் பண்ணைகளிலும் மறைத்து வைத்தார்கள். 1942இல் யூதர்களின் பட்டியலைக் கேட்ட அதிகாரியிடம், எங்களுக்கு யூதர் என்று யாரையும் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்று பொருள்பட மறுத்தார் போதகர் அந்த்ரே ட்ரோக்மே. அவர்கள் யாரையும் மதம் மாற்ற முயன்று காப்பாற்றவில்லை, தங்கள் உரிமைக்காகவும் பேசவில்லை. அடுத்தவர் உயிருக்காகத் தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள்.

வித்தியாசத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். ‘எங்கள் மதிப்பு குறைந்துவிட்டது’ என்று எழுப்பும் குரலையும், ‘இவருக்கு அநியாயம் நடக்கிறது’ என்று எழுப்பும் குரலையும் மக்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். முன்னதற்கு எதிர்வாதம் கிடைக்கும். பின்னதற்கு மரியாதை கிடைக்கும்.

பழைய பாடம்

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியை ஆண்ட ஜூலியன், கிறிஸ்தவத்தை ஒதுக்கிப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர். அவர் தம் குருமார்களில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு மனக்குறை தெரிகிறது. கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்கள், நாம் மட்டும் ஏன் செய்யவில்லை என்று அவர் வெட்கப்பட்டார். எதிரியின் வாயிலிருந்து வரும் சான்றிதழுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கேட்பவருக்குப் பதில் சொல்லலாம், ஆனால் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்ல வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் பேதுருவின் கடிதம் அறிவுறுத்துகிறது. வாயே திறக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. தீமை செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்துவிடு என்ற கருத்தைத் திருக்குறளில் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான போதனை அல்ல.

சிங்கப்பூரில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990 முதல் இருக்கிறது. ஒரு சமயத்தார் இன்னொரு சமயத்தாரைத் தூற்றாமல் அது தடுக்கும். ஆனால் அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுப் பாட்டி நோயில் கிடக்கும்போது ஒரு கிண்ணம் கஞ்சியோடு கதவைத் தட்ட எந்தச் சட்டமும் சொல்லித் தராது. அந்தப் பாட்டி கோயிலுக்குப் போகிறவரா, பள்ளிவாசலுக்குப் போகிறவரா, தேவாலயத்துக்குப் போகிறவரா என்று கேட்காமல் கதவைத் தட்டுகிறவர் எத்தனை பேர்? சமய வாதத்தில் இறங்கும் முன், எந்தச் சமயத்தவரானாலும் அந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.