பால்கோவாக் கடையும் ஒரு கம்ப்யூட்டர் பாஷையும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களைத் தவறவிடுவதில்லை. ஒன்று, ஆண்டாள் சந்நிதியில் தரிசனம். மற்றொன்று, திரும்பும்போது ஒரு பொட்டலம் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமல்லவா அது!

கடை வாசலில் நின்று, "அரைக் கிலோ கொடுங்கள்" என்றால் போதும். பொட்டலம் கைக்கு வந்துவிடும். பால் எவ்வளவு, சீனி எவ்வளவு, எப்போது அடுப்பைத் தணிப்பது என்பதெல்லாம் கடைக்காரர் பாடு. வாங்குகிறவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு செய்தி.

இந்தத் தத்துவத்தின் மேலேயே கட்டப்பட்ட கம்ப்யூட்டர் பாஷை ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஸ்மால்டாக்'. பலர் கேள்விப்படாத பெயர். ஆனால் கற்றவர்கள் அதன் அழகை மறப்பதில்லை.

அப்படி என்ன விசேஷம்? இந்தப் பாஷையில் எல்லாமே ஒரு 'பொருள்'. எண்ணும் பொருள், எழுத்தும் பொருள், திரையில் தெரியும் சன்னலும் பொருள். ஒவ்வொன்றுக்கும் தன் வேலை தெரியும். மற்றவை அதற்குச் செய்தி அனுப்பினால் போதும். '3 + 4' என்று எழுதினால், 3 என்ற பொருளிடம் "4-ஐக் கூட்டிச் சொல்" என்று கேட்பதாக அர்த்தம். அது 7 என்று பதில் தரும்.

பந்தயத்தில் பிறந்தது

அமெரிக்காவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே ஆலன் கே என்ற விஞ்ஞானி, "உலகத்திலேயே வல்லமை மிகுந்த பாஷையை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம்" என்று பெருமையாகச் சொன்னார். "எங்கே, எழுதும் பார்க்கலாம்!" என்றனர் நண்பர்கள். இரண்டு வாரம், விடியற்காலை 4 மணிக்கே எழுந்து உட்கார்ந்து எழுதினார். டான் இங்கால்ஸ் என்ற நண்பர் அதை யந்திரத்தில் ஓட வைத்தார். அது 1972-ம் ஆண்டு.

இந்த இங்கால்ஸின் தந்தை ஹார்வர்டு சர்வகலாசாலையில் சம்ஸ்கிருதப் பேராசிரியர். தந்தைக்குத் தேவபாஷை, மகனுக்கு யந்திர பாஷை!

இழை அறுந்தால்?

பக்கத்து ஊரான ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் போனது. அங்கே ரிங் பிரேமில் ஓர் இழை அறுந்தால் யந்திரம் முழுவதையும் நிறுத்துவார்களா? இல்லை. தொழிலாளியின் கை அந்தக் கதிருக்குப் போகும், இழையை இணைக்கும். மற்றக் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஸ்மால்டாக்கின் கருவிகளும் இப்படித்தான். பல பாஷைகளில் பிழை வந்தால் வேலையை நிறுத்தி, திருத்தி, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இங்கோ, பிழை வந்த இடத்திலேயே ஒரு சன்னல் திறக்கிறது. அங்கேயே திருத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

1979-ல் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் இதைப் பார்க்க வந்தார். எழுத்துக்கள் வரி வரியாகத் தாவி நகர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கால்ஸ், யந்திரத்தை நிறுத்தாமலே, ஒரு நிமிஷத்துக்குள் அதை வழுக்கிக்கொண்டு நகரும்படி மாற்றிவிட்டார். வந்தவர்கள் வியந்தார்கள்.

ஏன் பரவவில்லை?

அந்த நாளில் இதற்கு விலையுயர்ந்த யந்திரம் தேவைப்பட்டது. பின்னால் வந்த ஜாவா போன்ற பாஷைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. இன்று நிலைமை வேறு. 1996-ல் வந்த 'ஸ்குவீக்', 2008-ல் அதிலிருந்து பிரிந்த 'ஃபாரோ' இரண்டும் இலவசம். சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். இலக்கணம் முழுவதும் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும்!

கிருஷ்ணன்கோவிலில் 1984-லும், ராஜபாளையத்தில் 2013-லும் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. இந்தச் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் இன்று ஊரிலேயே கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அவர்கள் ஜாவாவும் பைத்தானும் கற்பது பிழைப்புக்கு அவசியம். ஸ்மால்டாக்குக்கு உத்தியோகம் குறைவுதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு மாதம் அதோடு பழகிப் பார்ப்பது வீண் போகாது. ஏனெனில், அநேகமாக அங்கே பூட்டிய அறையே இல்லை. பாஷையின் சொந்த உறுப்புக்களையே திறந்து பார்க்கலாம், மாற்றியும் பார்க்கலாம்.

பால்கோவா வாங்க வருகிறவர் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கிண்டக் கற்க வருகிறவனுக்கு? அவனுக்கு அடுப்பங்கரைக் கதவைத் திறந்துவிடத்தான் வேண்டும். ஸ்மால்டாக் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.