அகலப் பாதை எஞ்சின் அட்டையில் உருவாகிறது

சென்னை எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை, மின்சார ரயில்கள் ஓடும் தடத்தில், 2019-இல் ஒரு நீராவி எஞ்சின் புகை கக்கியபடி ஓடியது. அதன் பெயர் இ.ஐ.ஆர். 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்யப்பட்டது. பெரம்பூர் லோகோ பணிமனை 2010-இல் அதற்கு மறுவாழ்வு தந்தது.

இதன் மாதிரியை நீங்களே அட்டையில் செய்யலாம். முதலில் அளவு விகிதத்தை முடிவு செய்யுங்கள். 40-இல் 1 பங்கு என்று கொள்வோம். அகலப் பாதைத் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மி.மீ.; மாதிரியில் இது 42 மி.மீ. முன்னும் பின்னும் சிறிய சக்கரங்கள் இருக்க, நடுவில் ஒரே ஒரு ஜோடி பெரிய சக்கரங்கள் உள்ளன. இவற்றின் விட்டம் 6 அடி, அதாவது 1,829 மி.மீ. மாதிரியில் 46 மி.மீ.

மற்ற அளவுகளுக்கு என்ன செய்வது? சற்றுத் தொலைவில் நின்று நேர்ப்பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஒன்று போதும். படத்தில் பெரிய சக்கரம் 23 மி.மீ. இருந்தால், புகைபோக்கி, கொதிகலன் எதை அளந்தாலும் அதை இரு மடங்காக்குங்கள். மாதிரியின் அளவு கிடைத்துவிடும்!

கடையில் விற்கும் பொம்மை ரயில் சக்கரங்களை வாங்கிப் பொருத்தலாமா? அவற்றில் பெரும்பாலானவை 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கிச் செய்தவை. 87-இல் 1 பங்கில் அந்த இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப் பாதைக்கோ 19.3 மி.மீ. வேண்டும். ஆகவே சக்கரங்களையும் நாமே வெட்டிக்கொள்வது நல்லது. கொதிகலனின் ரிவெட் ஆணிகளுக்கு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அட்டையின் பின்புறம் அழுத்துங்கள். முன்புறம் புள்ளிகள் புடைத்து நிற்கும்.

இப்போது ஒரு கேள்வி. உண்மை எஞ்சினின் எடை சுமார் 26 டன். மாதிரியையும் அதே உலோகங்களால் செய்தால் எடை என்ன? 40 ஆல் வகுத்து 650 கிலோ என்கிறீர்களா? இல்லை! நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 மடங்கு குறைகின்றன. எனவே கன அளவு 40 × 40 × 40, அதாவது 64,000 மடங்கு குறைகிறது. எடை சுமார் 400 கிராம்தான்!

ஆனால் பரப்பு 1,600 மடங்கே குறைகிறது. ஆகவே மாதிரிக் கொதிகலனில், உள்ளே இருக்கும் நீரின் அளவோடு ஒப்பிட்டால், வெப்பம் வெளியேறும் பரப்பு 40 மடங்கு அதிகம். குட்டி நீராவி எஞ்சின்கள் விரைவில் ஆறிப்போவது இதனால்தான். உருவத்தைச் சுருக்கலாம், இயற்கை விதிகளைச் சுருக்க முடியாது அல்லவா?