மூன்று நாள் கெடு

கூடைப்பந்து என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் துருப்பிடித்து நிற்கும் இரண்டு கம்பங்களும் அவற்றின் தலையில் வலையில்லாத இரண்டு வளையங்களுந்தான். அந்த வளையத்துக்குள் பந்தைப் போடுவதற்காக ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் தருவார்கள் என்று சொன்னால், "உமக்குப் புத்தி சுவாதீனத்தில் இருக்கிறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். அமெரிக்காவில் தந்தார்கள். தருவதா வேண்டாமா என்று 2012-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நியூயார்க் நகரத்தின் 'நிக்ஸ்' குழு பட்ட தத்தளிப்பைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பந்து இந்தக் கதையில் அதிகமாய் வராது. சம்பளமும் சட்டமும் பிடிவாதமுமே வரும்.

கதாநாயகர் ஜெரமி லின். தைவான் தீவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய தாய் தந்தையருக்குக் கலிபோர்னியாவில் 1988-ம் வருஷம் பிறந்தவர். பள்ளி நாட்களில் தம் குழுவுக்கு மாகாண வெற்றிக் கேடயத்தை வாங்கிக் கொடுத்தார். ஆயினும் எந்தக் கல்லூரியும் ஆட்டத்துக்காக அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வரவில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்து 2010-ல் பட்டம் பெற்றார். அவ்வருஷம் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் குழுக்கள் புதிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது அவர் பெயரை யாரும் வாசிக்கவில்லை. பிறகு ஒருவாறு கோல்டன் ஸ்டேட் குழுவில் இடம் கிடைத்தது. 2011 டிசம்பர் 9-ந் தேதி அந்தக் குழு அவரை அனுப்பிவிட்டது. ஹூஸ்டன் குழு எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அதுவும் அனுப்பிவிட்டது. டிசம்பர் 27-ல் நியூயார்க் எடுத்துக்கொண்டது. எந்த நாளும் வேலை போகலாம் என்ற நிலையில் வாடகைக்கு வீடு பிடிக்க யாருக்குத் தைரியம் வரும்? அண்ணன் வீட்டு ஸோபாவில் படுத்துக்கொண்டார். ஒருநாள் அங்கே இடமில்லாமல், சக ஆட்டக்காரரான லாண்ட்ரி ஃபீல்ட்ஸ் வீட்டு ஸோபாவில் படுத்தார்.

அந்த ஸோபாவிலிருந்து எழுந்து போன நாள்தான் 2012 பிப்ரவரி 4. வேறு ஆள் இல்லாத குறைக்கு அவரை ஆட்டத்தில் இறக்கினார்கள்; 25 புள்ளிகள் எடுத்தார். ஆறு நாள் கழித்துப் பெயர்பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழுவுக்கு எதிராக 38 புள்ளிகள். அப்புறம் டொரோண்டோவில், ஆட்டம் முடிய ஒரு வினாடிகூட இல்லாத சமயத்தில் தூரத்திலிருந்து எறிந்த பந்து ஜெயத்தைக் கொடுத்தது. தொடர்ந்து ஏழு வெற்றிகள். அவர் பெயரையும் பைத்தியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பிணைத்துப் பத்திரிகைகள் ஒரு புதுப் பதமே உண்டாக்கின. இத்தனைக்கும் அவருடைய அந்த வருஷத்துச் சம்பளம் 8 லக்ஷம் டாலருக்கும் குறைவு. அந்த ஆட்ட உலகில் அது சமையற்கட்டில் எடுபிடி வேலைக்குத் தரும் கூலி. ஏப்ரலில் முழங்காலில் ரண சிகிச்சை நடந்து, பருவத்தின் முக்கியமான ஆட்டங்களில் அவரால் இறங்க முடியவில்லை. ஜூன் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்தது.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

ஒரு காலத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஒரு குழுவில் சேர்ந்தால் சேர்ந்ததுதான். ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு குழுவுக்குப் போக முடியாது. 1970-ல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஆஸ்கார் ராபர்ட்ஸன் இதை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார். தாமே பெரிய ஆட்டக்காரர். வாய்தா வாய்தாவாக வழக்கு நடந்து 1976-ல் ராஜியாவதற்குள் அவர் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். அந்த ராஜியின் வழியாக வந்ததுதான் பழைய குழுவின் 'முதல் உரிமை' என்பது. ஆட்டக்காரர் வெளியே போய் விலை கேட்கலாம். ஆனால் வெளியார் சொல்லும் விலையைப் பழைய குழு தானே கொடுத்து அவரை நிறுத்திக்கொள்ளலாம். 1988-ல் அனுபவசாலிகளுக்கு இந்தத் தளையும் நீங்கியது. டாம் சேம்பர்ஸ் என்பவர் யாரையும் கேட்காமல் ஸீயாட்டிலிலிருந்து பீனிக்ஸ் நகரத்துக்குப் போனார். இளம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. அவர்களுக்குக் 'கட்டுக்குட்பட்ட சுயேச்சை ஆட்டக்காரர்' என்று பெயர். கட்டுக்கு உட்பட்ட பின் சுயேச்சை எங்கிருந்து வந்தது என்று தமிழ் வாத்தியாராயிருந்தால் கேட்டிருப்பேன். நான் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவன்.

லின் இந்த வகையைச் சேர்ந்தவர். அவரை நிறுத்திக்கொள்வதாக நியூயார்க் குழு பலமுறை சொல்லிற்று. இலையுதிர் காலத்தில் அவரே முதல் ஆளாக இறங்குவார் என்று பயிற்சி ஆசிரியர் மைக் வுட்ஸன் ஜூலையில் பகிரங்கமாகச் சொன்னார். எல்லாம் சொன்னார்கள்; தொகையை மட்டும் சொல்லவில்லை. 'நீ வெளியே போய் ஒரு விலை வாங்கி வா, நாங்கள் ஈடுகட்டுகிறோம்' என்பதே அவர்கள் போக்கு. வெளியார் எவ்வளவு குறைவாகச் சொல்கிறாரோ அவ்வளவு லாபம் அல்லவா?

வெளியார் யார் என்று பாருங்கள்! ஏழு மாதங்களுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவரை வெளியே அனுப்பிய அதே ஹூஸ்டன். முதலில் அவர்கள் பேசியது நான்கு வருஷத்துக்குச் சுமார் 2 கோடியே 88 லக்ஷம் டாலர்; மூன்றாம் வருஷத்துச் சம்பளம் 93 லக்ஷம். நியூயார்க்கில் இதை ஈடுகட்டிவிடுவார்கள் என்று செய்தி பரவியதும், ஹூஸ்டன் அதிகாரிகள் பத்திரத்தைத் திருத்தி எழுதினார்கள். திருத்திய பத்திரத்தில் மொத்தத் தொகை குறைந்துவிட்டது! மூன்று வருஷத்துக்கு 2 கோடியே 51 லக்ஷம். முதல் வருஷம் 50 லக்ஷம், அடுத்த வருஷம் 52 லக்ஷத்துச் சொச்சம், மூன்றாம் வருஷம் ஒரே தாவலாக 1 கோடியே 49 லக்ஷம்.

இந்தத் தாவலுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 2003-ல் கில்பர்ட் அரீனஸ் என்ற இளைஞருக்கு வாஷிங்டன் குழு பெருந்தொகை பேசியபோது, சம்பள உச்சவரம்பின் காரணமாக அவருடைய பழைய குழுவால் ஈடுகட்டவே முடியாமற் போயிற்று. அந்த அநியாயம் மறுபடி நடக்கக்கூடாதென்று 2005-ல் விதி செய்தார்கள்: இப்படிப்பட்ட இளைஞருக்கு முதலிரண்டு வருஷங்களில் வெளியார் சொல்லும் சம்பளம் ஓர் அளவுக்கு மேல் போகக்கூடாது, மூன்றாம் வருஷம் ஏறலாம். பழைய குழுவைக் காப்பாற்றச் செய்த விதியின் சந்திலேயே ஹூஸ்டன் புகுந்து கொண்டது. அதோடு, இடமுள்ள ஹூஸ்டன் கணக்கில் அந்தத் தொகை மூன்று வருஷத்துக்கும் சமமாகப் பங்கிடப்பட்டு வருஷத்துக்குச் சுமார் 84 லக்ஷமாகவே பதிவாகும். ஈடுகட்டும் நியூயார்க் கணக்கிலோ எழுதியது எழுதியபடியே ஏறும். ஒரே பத்திரம் ஒரு கையில் பஞ்சு, மற்றொரு கையில் ஈயம். மூன்றாம் வருஷத்தில் நியூயார்க் குழு ஏற்கெனவே மூன்று பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பெருஞ்சம்பளம் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தது. எல்லைக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலரில் தொடங்கி ஏறும் அபராத வரி வேறு புதிதாக வந்திருந்தது. லின் ஒருவருக்காக அந்த ஒரு வருஷத்தில் 3 கோடி, 4 கோடி டாலர் வரை ஆகும் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன.

பதில் சொல்ல மூன்று நாள் கெடு. முந்திய ஒப்பந்தத்தில் ஏழு நாளாயிருந்ததை அப்போதுதான் மூன்றாகக் குறைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் நியூயார்க் நிர்வாகம் வாய் திறக்கவில்லை. ஆனால் ரேமண்ட் ஃபெல்டன் என்ற வேறொரு பந்து கடத்தும் ஆட்டக்காரரை அதற்குள் அழைத்துக்கொண்டார்கள். குழுவின் பெரிய நட்சத்திரமான கார்மெலோ ஆந்தனி, லின்னுக்கு வந்த ஒப்பந்தம் நகைப்புக்கிடமானது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். ஜூலை 17-ந் தேதி இரவு கெடு முடிந்தது; நியூயார்க் ஈடுகட்டவில்லை. ஸோபா கொடுத்த லாண்ட்ரி ஃபீல்ட்ஸும் அதே வகை ஆட்டக்காரரே. அவருக்கு டொரோண்டோ குழு மூன்று வருஷத்துக்கு 2 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாகப் பேசியது. அவரையும் நியூயார்க் விட்டுவிட்டது. படுத்தவரும் போனார், படுக்க இடம் கொடுத்தவரும் போனார். ஹூஸ்டனோ அதே கோடையில், ஏறக்குறைய அதே தொகைகளை எழுதி, சிகாகோ குழுவிலிருந்து ஓமர் ஆஷிக் என்ற நெட்டையரையும் கொண்டு போயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு என் சொந்த விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று மாதம் 2,000 ரூபாய் அதிகமாகத் தருவதாக எனக்குச் சொல்லியனுப்பிற்று. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் போய்ச் சொன்னேன். நாலு வருஷமாய் நான் கேட்டும் கிடைக்காத உயர்வை நிர்வாகி நாலு நிமிஷத்தில், "அதை நாங்களே தருகிறோமே, ஸார்!" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பாயஸம் வைத்தார்கள். எனக்கு மட்டும் பாயஸம் தொண்டையில் இறங்கவில்லை. நேற்று வரையில் இவர் கண்ணுக்கு நான் என்னவாகத் தெரிந்தேன் என்ற யோசனைதான்.

ஆகையால் கடைசி இரவில் நியூயார்க் மறுத்ததை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். முப்பத்தைந்து ஆட்டங்களே ஆடி, முழங்காலில் சிகிச்சை செய்துகொண்ட இளைஞருக்காக அத்தனை வரியும் கட்டுவதா என்று யோசித்தது தவறாகாது. குற்றம் ஜூலை முதல் பத்து நாட்களில் இருக்கிறது. லின் போன்றவர்களுக்குப் பழைய குழு நேராகவே நல்ல சம்பளம் கொடுக்கலாம் என்று ஜூன் மாதத்தில்தான் மத்தியஸ்தர் ஒருவர் ஆட்டக்காரர் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தார். உட்கார்ந்து பேசி, வருஷத்துக்கு ஐம்பது லக்ஷத்தில் ஆரம்பித்து ஒழுங்காக ஏறும் சம்பளத்தைத் தாங்களே சொல்லியிருந்தால், மூன்றாம் வருஷத்துத் தாவல் என்ற பேச்சே எழுந்திராது. தமக்கு நியூயார்க்கிலேயே இருக்கத்தான் விருப்பமிருந்தது என்று லின் பிற்பாடு பேட்டியில் சொன்னார். விலை சொல்லும் வேலையை எதிராளியிடம் விட்டார்கள். எதிராளி நியூயார்க்குக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து விலை எழுதினான். அந்த 1 கோடியே 49 லக்ஷத்துக்கும் லின்னின் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெளியார் யாருமே வராமற் போனால் இன்னும் சங்கடம். 'எப்படியும் பழைய குழு ஈடுகட்டிவிடும், நாம் ஏன் பணத்தை முடக்கிக்கொண்டு காத்திருக்கவேண்டும்?' என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். 2014-ல் டெட்ராயிட் குழுவின் கிரெக் மன்ரோ, விதிப்படி கிடைக்கும் ஒரு வருஷத்துச் சிறு சம்பளத்துக்கு ஆடிவிட்டு, மறு வருஷம் தளை நீங்கி மில்வாக்கிக்குப் போய்விட்டார். 2025-ல் கோல்டன் ஸ்டேட் குழுவுக்கும் ஜொனதன் குமிங்காவுக்கும் ஜூலையில் ஆரம்பித்த பேரம் செப்டம்பர் கடைசி வரையில் இழுத்தது.

லின்னை விட்ட நியூயார்க் குழு அடுத்த பருவத்தில் 54 ஆட்டங்கள் ஜெயித்து, 1994-க்குப் பிறகு முதல் தடவையாகத் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பைத்தியக்காரர்கள் என்று அவர்களை ஏசியவர்கள் கொஞ்ச காலம் பேசாமலிருந்தார்கள். ஹூஸ்டனிலோ, பருவம் தொடங்குவதற்கு முன்பே ஜேம்ஸ் ஹார்டன் என்ற பெரிய ஆட்டக்காரர் வந்து சேர்ந்தார். லின் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தார். அவர் 2019-ல் டொரோண்டோ குழுவோடு சாம்பியன் பட்டம் பெற்றதும், 2025-ல் ஓய்வு பெற்றதும் பிற்பாட்டுக் கதை.

இரண்டு வருஷம் கழிந்து அந்த மூன்றாம் வருஷம் வந்தது. நியூயார்க்கை மிரட்ட எழுதிய 1 கோடியே 49 லக்ஷம் டாலரை இப்போது ஹூஸ்டனே ரொக்கமாகக் கொடுக்கவேண்டும். வேறொரு பெரிய ஆட்டக்காரருக்கு இடம் வேண்டுமென்று லின்னை ஒதுக்கப் பார்த்தார்கள். அந்தச் சம்பளத்தைக் கண்டு யாரும் சும்மா எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. கடைசியில் 2014 ஜூலையில், புது ஆட்டக்காரர் ஒருவரை முதற் சுற்றில் பொறுக்கும் தன் உரிமையையும் கூடவே தானமாகக் கொடுத்து, ஹூஸ்டன் அவரை அனுப்பிவைத்தது. பணத்தைக் கொடுத்தவர்கள், 38 புள்ளிகள் எடுத்து அவர் தோற்கடித்த அதே லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள்.