ஏன் குழுவாகச் சைக்கிளோட்டுகிறார்கள்? பந்தயம் இல்லாத மாதங்களில் நடக்கும் வேலை என்ன?

ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஆறரை. சாங்கிப் பக்கம் காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் இரண்டிரண்டு பேராக 10 சைக்கிளோட்டிகள்.

"ரோட்டை அடைச்சிக்கிட்டு ஏன் இப்படிப் போறாங்க?"

பலருக்கும் வரும் கேள்விதான். சும்மா பேசிக்கொண்டு போவதற்காக மட்டும் அல்ல. அதற்குப் பின்னால் அறிவியலும் உண்டு, விதிகளும் உண்டு. வெளியே தெரியாத நிறைய உழைப்பும் உண்டு.

ஒட்டி ஓட்டுவதால் என்ன லாபம்?

மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் சைக்கிளோட்டியின் சக்தியில் பெரும்பகுதி காற்றை எதிர்க்கவே செலவாகிறது. முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போவார். பின்னால் ஒட்டி வருபவருக்கு அந்தச் சுமை குறையும்.

வேகத்தையும் இடைவெளியையும் பொறுத்து, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு சக்தி வரை மிச்சமாகலாம். அதனால்தான் முன்னால் இருப்பவர் சிறிது நேரத்தில் விலகிப் பின்னால் போகிறார். அடுத்தவர் முன்னுக்கு வருகிறார்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. உங்கள் முன்சக்கரம் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தை உரசினால், பெரும்பாலும் விழப்போவது நீங்கள்தான். பின்னால் வருபவர்களும் சேர்ந்து விழலாம்.

அதனால்தான் குழுவில் சைகையும் குரலும் முக்கியம். சாலையில் குழி இருந்தால் முன்னால் இருப்பவர் விரலால் காட்டுவார். பின்னால் கார் வந்தால் "கார் பேக்!" என்று குரல் கொடுப்பார்கள். திடீரென்று பிரேக் பிடிக்கவே கூடாது.

சிங்கப்பூரில் விதி என்ன?

2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பவை:

- குழுவின் நீளம் 5 சைக்கிள்களைத் தாண்டக்கூடாது. ஒற்றை வரிசை என்றால் 5 பேர். இரண்டிரண்டாக என்றால் 10 பேர்.
- ஒரே திசையில் ஒரே தடம் மட்டுமே உள்ள சாலையிலும், செயல்படும் நேரத்தில் பேருந்துத் தடத்திலும் ஒற்றை வரிசைதான்.
- விதியை மீறினால் அபராதம் 150 வெள்ளி. முன்பு அது 75 வெள்ளியாக இருந்தது.

குழுக்களுக்கு இடையே சுமார் 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்ப தூரம் விடும்படி ஆலோசனை கூறப்படுகிறது. சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் கட்டாயம். விரைவுச்சாலைக்குள் நுழையவே முடியாது.

ஓட்டுநர்களுக்கும் ஒரு வழிகாட்டி உண்டு: சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும்.

இரண்டிரண்டாகப் போனால் இடைஞ்சல் இல்லையா?

10 பேர் ஒற்றை வரிசையில் போனால் அந்த வரிசை நீளம். முந்த அதிக நேரம் எடுக்கும். இரண்டிரண்டாகப் போனால் நீளம் பாதியாகிவிடும். 1.5 மீட்டர் விட்டு முந்தவேண்டும் என்றால் கார் பெரும்பாலும் அடுத்த தடத்துக்கு மாறத்தான் வேண்டும். எப்படியும் மாறப்போகிறோம் என்றால், குட்டையான குழுவை முந்துவது சுலபம்.

அப்படியென்றால் பந்தயத்தில்?

இங்குதான் சிக்கல். பந்தயத்தில் பத்துப் பேர் அல்ல, ஐம்பது அறுபது பேர் ஒட்டி ஓட்டுவார்கள். சாலை மூடப்பட்டிருப்பதால் அது சாத்தியம். ஆனால் அந்த நெரிசலில் வளைவது, நேர்க்கோட்டில் போவது, பதறாமல் இருப்பது எல்லாம் பழகினால்தான் வரும். அதைச் சாதாரண சாலையில் பழக முடியாது, பழகவும் கூடாது.

ஆக, சிறிய அமெச்சூர் பந்தயங்கள்தான் புதியவர்களுக்குப் பள்ளிக்கூடம். அவை குறைந்தால், முதன்முதலாகக் கூட்டத்தில் ஓட்டுபவர் நேராகப் பெரிய பந்தயத்தில் போய்த்தான் கற்றுக்கொள்வார். அங்கு தவறு செய்தால் எலும்பு முறியலாம்.

பந்தயம் இல்லாத மாதங்களில் என்ன நடக்கிறது?

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் சாலைப் பந்தயங்கள் ஓயும். நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆண்டிறுதி மழைதான் இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும், ஓட்டுபவர்கள் ஓய்வெடுக்கும்போதுதான் ஏற்பாட்டாளர்களுக்கு வேலை ஆரம்பம்.

பாதை: எங்கு வளைவு கூர்மை, எங்கு சாக்கடை மூடி வழுக்கும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக உள்ளே வரும்? நடந்தே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அனுமதி: சாலையை மூட அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். பேருந்து எப்படித் திரும்பும், குடியிருப்பாளர்கள் எப்படி வெளியே போவார்கள் என்பதற்கெல்லாம் முன்கூட்டியே திட்டம் தேவை. இடம் குறைவான நாட்டில் இதுதான் மிகப் பெரிய தடை.

பணம்: தடுப்புகள், மருத்துவக் குழு, காப்புறுதி, நேரம் கணிக்கும் கருவி. 40 பேர் வந்தாலும் 200 பேர் வந்தாலும் சாலையை மூடும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆள் குறைந்தால் ஒவ்வொருவரும் கட்டும் கட்டணம் கூடும். கட்டணம் கூடினால் ஆள் இன்னும் குறையும்.

பிரிவுகள்: நேற்று சைக்கிள் வாங்கியவரையும் பத்தாண்டு அனுபவம் உள்ளவரையும் ஒரே பந்தயத்தில் விடக்கூடாது. யார் எந்தப் பிரிவு என்று பிரிப்பது பாதுகாப்புக்கான வேலை.

ஆட்கள்: ஒவ்வொரு சந்திப்பிலும் விசிலும் கொடியுமாக ஒருவர் நிற்கவேண்டும். நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். பெரும்பாலும் இவர்கள் தொண்டூழியர்கள். விடியுமுன் எழுந்து வருவார்கள். பந்தயம் முடிந்ததும் தடுப்புகளைத் தூக்கி லாரியில் ஏற்றுவதும் இவர்கள்தான். பதக்கம் இவர்களுக்குக் கிடையாது.

ஒருவர் வராவிட்டால்?

ஒரு சந்திப்பு காலியாக இருந்தால் பந்தயத்தைத் தொடங்கக்கூடாது. அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஒரு லாரி நுழைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் அதே சிலர்தான் வேலை செய்கிறார்கள் என்றால், அவர்கள் களைத்துப்போகும் நாளில் பந்தயமும் நின்றுவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஓட்டுபவராக இருந்தால், ஆண்டில் ஒரு பந்தயத்திலாவது ஓட்டாமல் கொடி பிடித்து நின்று பாருங்கள். சாலை ஓரத்திலிருந்து பார்த்தால் ஓட்டுபவரின் தவறுகள் நன்றாகத் தெரியும்.

கார் ஓட்டுபவராக இருந்தால், அடுத்த ஞாயிறு அந்தப் பத்துப் பேரைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறுத்து, இடம் விட்டு முந்துங்கள். நீங்கள் இழப்பது சில விநாடிகள் மட்டுமே.