சுதி நிக்கலையா? ட்யூனரை மாத்துறதுக்கு முன்னாடி நட்டைப் பாருங்க

எலக்ட்ரிக் கிட்டாரில் சுதி ஏன் அடிக்கடி கலைகிறது, ட்யூனரை எப்போது மாற்ற வேண்டும் என்று பேசிய எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம் இது.

எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி: "ஒரு பாட்டு முடியறதுக்குள்ள சுதி போயிடுது, லாக்கிங் ட்யூனர் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?" சில சமயம் ஆகும். பல சமயம் காசு போயிடும், பிரச்சினை அப்படியே இருக்கும். அதைவிட மோசம், புது ட்யூனருக்காக ஹெட்ஸ்டாக்ல துளையைப் பெரிசாக்கிட்டா திரும்ப சின்னதாக்க முடியாது. அதனால முதல்ல ஸ்ட்ரிங் எங்க சிக்குதுன்னு பாப்போம்.

ட்யூனர் தானா இறங்குமா?

ட்யூனருக்குள்ள ஒரு வார்ம் கியர் இருக்கு. குமிழைத் திருப்பினா ஸ்ட்ரிங் சுத்தியிருக்கிற போஸ்ட் திரும்பும். ஆனா ஸ்ட்ரிங் எவ்வளவு இழுத்தாலும் போஸ்ட்டால குமிழைத் திருப்ப முடியாது. அந்த கியரோட அமைப்பே அப்படி. பல் தேயாத வரைக்கும் அது தானா நழுவாது.

ஆனா கியருக்குள்ள கொஞ்சம் இடைவெளி இருக்கும். சுதியை இறக்கிட்டு வந்து நிறுத்தினா அந்த இடைவெளி அளவுக்கு ஸ்ட்ரிங் பிறகு தளரும். அதனால எப்பவும் சுதிக்குக் கீழ போய், மேல ஏத்தி நிறுத்துங்க.

ஒரு நிமிஷ சோதனை

மூணாவது ஸ்ட்ரிங், அதாவது ஜி ஸ்ட்ரிங்கை சுதி சேருங்க. ஒரு முழு டோன் பெண்ட் பண்ணி விடுங்க. இப்ப ட்யூனிங் மீட்டரைப் பாருங்க. சுதி இறங்கியிருந்தா, நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவுல இருக்கிற ஸ்ட்ரிங்கை விரலால ஒரு தடவை அழுத்தி விடுங்க. சுதி திரும்ப ஏறி வந்துடுச்சா? குற்றவாளி நட்டுதான்.

காரணம் இதுதான். பெண்ட் பண்ணும்போது ஹெட்ஸ்டாக் பக்கத்துல இருந்து கொஞ்சம் ஸ்ட்ரிங் நட் வழியா இந்தப் பக்கம் வருது. விட்டதும் அது திரும்பிப் போகணும். நட்டோட பள்ளம் இறுக்கிப் பிடிச்சா போகாது. சுதி இறங்கி நிக்கும். ட்ரெமோலோ கையை அழுத்தினா இது தலைகீழா நடக்கும்: ஸ்ட்ரிங் ஹெட்ஸ்டாக் பக்கம் போய் அங்கேயே மாட்டிக்கும், சுதி ஏறி நிக்கும். சுதி சேர்க்கும்போது நட்டுல "டிங்"னு ஒரு சத்தம் வருதா? அதுவும் இதே அறிகுறிதான்.

1952ல வந்த கிப்சன் லெஸ் பால் மாதிரி, பக்கத்துக்கு மூணு ட்யூனர் உள்ள கிட்டார்கள்ல இந்தத் தொல்லை அதிகம். அதுல ஹெட்ஸ்டாக் பின்னாடி சாஞ்சிருக்கும். நடு ஸ்ட்ரிங்குகள் நட்டைத் தாண்டினதும் வெளிப்பக்கமா வளைஞ்சு போகும். உராய்வு கூடும். 1954ல வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல ஸ்ட்ரிங் நேராப் போகும். ஆனா அதுல ஸ்ட்ரிங்கைக் கீழ அழுத்திப் பிடிக்கிற ஸ்ட்ரிங் ட்ரீ இருக்கு, அங்கேயும் சிக்கலாம்.

முதல்ல செய்ய வேண்டியது

ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நட் பள்ளத்துல 2பி பென்சிலால நல்லா தேயுங்க. ஸ்ட்ரிங் ட்ரீக்கு அடியிலயும் தேயுங்க. செலவு ஒண்ணும் இல்லை. 10-46 செட்ல இருந்து 11-49 செட்டுக்கு மாறியிருந்தா பள்ளம் குறுகலா இருக்கலாம். அதை நட் ஃபைல் வெச்சிருக்கிற டெக்னீஷியன்கிட்ட விடுங்க. ஆழம் கூடிட்டா ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல இடிக்கும்.

புது ஸ்ட்ரிங் போட்டதும் மெதுவா இழுத்து இழுத்து நீட்டி விடுங்க. போஸ்ட்ல சுத்து ரெண்டு மூணு போதும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம கீழ் நோக்கி வரிசையா வரணும். ட்யூனரோட முன்பக்க நட், பின்பக்க ஸ்க்ரூ தளர்ந்திருந்தா இறுக்குங்க.

ட்யூனரை எப்ப மாத்தணும்?

குமிழ் திரும்பியும் போஸ்ட் திரும்பலைன்னா, போஸ்ட் ஆடினா, தண்டு வளைஞ்சிருந்தா, கியர் விட்டு விட்டுப் பிடிச்சா மாத்தலாம். வாங்குறதுக்கு முன்னாடி பழைய ட்யூனர் ஒண்ணைக் கழட்டி மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, பக்கத்துக்கு மூணா, ஒரே வரிசையில ஆறா. ரெண்டு, துளையோட விட்டம். முன்பக்க புஷ்ஷை எடுத்துட்டு மரத்துல வெர்னியர் காலிபர் வெச்சு அளங்க. பழைய க்ளூசன் வகைக்கு சுமார் 8.7 மில்லிமீட்டர், இப்ப வர்ற பெரும்பாலான மூடிய ட்யூனர்களுக்கு 10 மில்லிமீட்டர். மூணு, பின்னாடி ஸ்க்ரூவா, குட்டி பின்னா, அது எந்த இடத்துல.

10 மில்லிமீட்டர் துளையில பழைய வகையைப் பொருத்த அடாப்டர் புஷ் கிடைக்குது. சின்னத் துளையைப் பெரிசாக்கணும்னா சாதாரண ட்ரில் வேண்டாம், மரம் பிளந்துடும், பாலிஷ் உதிரும். ரீமர்தான் சரி. பழைய கிட்டாரா இருந்தா துளையைத் தொடவே வேண்டாம், அதோட மதிப்பே குறைஞ்சிடும்.

14:1, 18:1னு போட்டிருக்கிற எண், போஸ்ட் ஒரு சுத்து வர குமிழை எத்தனை சுத்து சுத்தணும்னு சொல்லுது. எண் கூடினா நுணுக்கமா சுதி சேர்க்கலாம். சுதி நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. லாக்கிங் ட்யூனர்ல ஸ்ட்ரிங் ஒரு சுத்துக்கும் குறைவா நிக்கும், அதனால போஸ்ட்ல தளர்ச்சி வராது, ஸ்ட்ரிங் மாத்துறதும் சீக்கிரம் முடியும். ஆனா நட்டுல இருக்கிற உராய்வை அது தொடாது. 1979ல காப்புரிமை வாங்கின ஃபிளாய்ட் ரோஸ், ஸ்ட்ரிங்கை நட்டுலயே பூட்டினதுக்குக் காரணம் அதுதான்.

அதனால வரிசை இதுதான்: பென்சில், சோதனை, நட் வேலை, கடைசியில ட்யூனர். உங்க கிட்டார்ல எந்த ஸ்ட்ரிங் அடம்பிடிக்குதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.