சித்தர் மரபிலிருந்து ராக் மேடைக்கு: 'அவியல்' குழுவின் முதல் ஆல்பத்தில் ஒலிக்கும் தமிழ் மரபு

திருவனந்தபுரம்: தமிழும் மலையாளமும் ஒருசேர ஒலிக்கும் ஆரியசாலையைக் கொண்ட திருவனந்தபுரத்தில், 2003ஆம் ஆண்டு உருவானது 'அவியல்' ராக் இசைக்குழு. தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தை இக்குழு 2008ஆம் ஆண்டு வெளியிட்டது. அதில் 8 பாடல்கள் உள்ளன.

கேரள ராக் குழுக்கள் நீண்ட காலம் ஆங்கிலத்திலேயே பாடி வந்தன. கொச்சியின் '13 ஏடி' குழு 1990ஆம் ஆண்டு வெளியிட்ட 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பம் இதற்குச் சான்றாகும். 'அவியல்' குழுவோ மின்கிதார், டிரம்ஸ் இசைக்கு மலையாளச் சொற்களைப் பொருத்தியது.

தமிழர்கள் அதிகம் கவனிக்காத பாடல் இந்த ஆல்பத்தில் உள்ள 'ஆடு பாம்பே'. இதன் வரிகள் ஸ்ரீ நாராயண குரு இயற்றிய 'குண்டலினிப் பாட்டு' என்னும் படைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. உடலுக்குள் உறங்கும் யோக ஆற்றலைப் பாம்பாக உருவகித்து, அதனை ஆடுமாறு அழைக்கும் பாட்டு அது. பாம்பை விளித்துப் பாடும் இம்முறை, தமிழில் பாம்பாட்டிச் சித்தர் பாடல்களால் புகழ்பெற்றது.

நாராயண குரு தமிழிலும் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் மொழிபெயர்த்தவர். அவருக்கு யோகம் பயிற்றுவித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள், இதே நகரில் வாழ்ந்த தமிழர்.

ராக் இசைக்குத் தாய்மொழி பொருந்தாது என்ற எண்ணத்திற்கு இந்த ஆல்பம் விடையளித்தது. அந்த விடையில் தமிழ்ச் சித்தர் மரபின் சாயலும் கலந்துள்ளது.