எல்லாத் தாய்மார்களுக்கும் ஒரே பரிசோதனை



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உறுப்பினர் ஒருவரின் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டுகிறார். ரத்த அளவு, சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் ஃபைலில் இருந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை மட்டும் இல்லை. "டாக்டர் எழுதலையாம்மா?" என்று கேட்டேன். மகள் பதில் சொல்வதற்குள் தாய் முந்திக்கொண்டார்: "நாங்க என்ன அப்படிப்பட்ட குடும்பமா மேடம்?"

அந்த டாக்டரையும் பார்த்துப் பேசினேன். "எழுதினா வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க" என்றார். பார்த்தீர்களா? நம் கோபத்துக்குப் பயந்து டாக்டர் எழுதவில்லை. டாக்டர் எழுதவில்லை என்று நாமும் கேட்கவில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது வயிற்றுப் பிள்ளை.

ஏன் எல்லோருக்கும்?

எச்.ஐ.வி. கிருமி உடம்பில் இருந்தாலும் பல வருடம் எந்த அறிகுறியும் தெரியாது. கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரலாம். முகத்தைப் பார்த்து டாக்டராலும் சொல்ல முடியாது. ஆளைப் பார்த்து எழுதினால்தான் அவமானம். வருகிற எல்லாத் தாய்க்கும் எழுதினால் யாருக்கு என்ன அவமானம்?

தெரிந்தால் என்ன லாபம்?

சிகிச்சை இல்லாவிட்டால், கிருமி உள்ள 100 தாய்மார்களின் குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ தொற்றும். தாய் தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் இது 5-க்கும் கீழே குறைந்துவிடும். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் பரிசோதனை உண்டு. மாத்திரையை விடாமல் சாப்பிடும் தாய் தாய்ப்பாலும் கொடுக்கலாம். தாயும் நல்லபடியாக வாழலாம்.

எங்கே, எப்போது?

கர்ப்பம் என்று தெரிந்து முதல் தடவை ரத்தம் எடுக்கும்போதே செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள். தனியாரிடம் காட்டுகிறவர்களும் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். மாதம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பிரசவ நேரத்தில் தெரிந்தாலும் மருந்து உண்டு. சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.

உங்கள் உரிமை

2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, விவரம் சொல்லி, உங்கள் சம்மதம் வாங்கித்தான் பரிசோதிக்க வேண்டும். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். கிருமி இருக்கிறது என்று பிரசவம் பார்க்க மறுக்கக் கூடாது.

குழு என்ன செய்யலாம்?

குழுவில் யார் கர்ப்பமானாலும், "எல்லா ரத்தப் பரிசோதனையும் ஆயிடுச்சா?" என்று நினைவுபடுத்துங்கள். முடிவை மட்டும் கேட்காதீர்கள். டாக்டர் எழுதாவிட்டால், "எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எழுதுங்க டாக்டர்" என்று நாமே கேட்கப் பழகுவோம். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவரே எழுதுவார். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

அந்த மகள் மறுவாரமே நம்பிக்கை மையத்துக்குப் போனார். மருமகனும் கூடப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் விஷயம். போனார்களே, அதுதான் எனக்குச் சந்தோஷம்.